வயலும் ஆலையும் உலையும்

சம்மாந்துறையிலிருந்து மாவடிப்பள்ளி வழியாகக் காரைதீவை நோக்கி வரும் பாதையில் மாசி மாதத்திற் பயணஞ் செய்வோர்க்கு இரு மருங்கும் கண்ணெட்டுந் தூரம் வரை விளைந்த நெல்லே காட்சி தரும். அப்பாதை கடற்கரைப் பெருந்தெருவைத் தொட்டதும் வடக்கே திரும்பினால் முதலிற் சாய்ந்தமருது, அதனையடுத்துக் கல்முனை. கல்முனைக் கடைத்தெருவில் ஒரு சில்லறைக் கடையிற் புகுந்து ஐந்து கிலோகிராம் அரிசி கேட்டால், கடைக்காரர் எடுத்து நீட்டும் பையில் அச்சிடப்பட்டிருக்கும் ஆலையின் முகவரி பல வேளைகளிற் பொலனறுவையினதாக இருக்கும். பைக்குள் இருப்பது சம்மாந்துறையில் விளைந்த நெல்லின் அரிசியாகவே இருத்தலுங் கூடும். அது லொறியேறி, நூறு கிலோமீற்றருக்கும் அப்பாற் சென்று, அவிந்து, குற்றுண்டு, தீட்டுண்டு, பையிலடைபட்டு, வந்த வழியே திரும்பி வந்திருக்கும்.

வயலும் உலையும் அருகருகே இருக்க, இடையில் இத்தனை நெடிய பயணம் எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழுகின்றது. விளைந்த பொருள் உண்பவனை அடையும் வரை அது கடக்கின்ற கைகள், இடங்கள், நாட்கள், செலவுகள் ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்கி ஒழுங்கு செய்வதனை இக்காலத்தார் வழங்கற் சங்கிலி முகாமைத்துவம் என்று பெயரிட்டழைக்கின்றனர். உயர்தர வகுப்பில் வணிகக் கல்வி பயிலும் மாணவர் இதனைப் பாடமாகப் படிக்கின்றனர். பெயர் புதிது, காரியம் பழையது. மட்டக்களப்புப் போடியார்மார் எந்தப் புத்தகமும் படியாமலே அதனைச் செய்து வந்தனர்.

முதலில் ஓர் ஒப்புமை. திருகோணமலைச் சீனன்குடாவிலே சிங்கப்பூர்ப் பிரிமா நிறுவனத்தின் கோதுமை மா ஆலை 1980ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. கடல் கடந்தே வரவேண்டும். ஆயினும் அந்த ஆலைக்கு ஒரு வசதி உண்டு. உலகில் ஒரு பகுதியில் அறுவடை முடிந்தால் மற்றொரு பகுதியில் அறுவடை தொடங்கும். வட அமெரிக்காவின் கோதுமை ஒரு பருவத்தில், அவுஸ்திரேலியாவின் கோதுமை வேறொரு பருவத்தில். கப்பல் எப்பொழுது வரவேண்டும் என்பதை ஆலையே தீர்மானிக்கலாம். வந்தது காய்ந்த தானியம். உயர்ந்த கொள்கலங்களிற் கொட்டி வைத்தால் வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்து அரைக்கலாம்.

நெல்லாலைக்காரரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவருக்கு வேண்டிய தானியம் வாசலிலேயே விளைகின்றது. ஆனால் அது வருங்காலம் அவர் கையில் இல்லை. பெரும்போகத்து நெல் தை, மாசி, பங்குனியிலும், சிறுபோகத்து நெல் ஆடி, ஆவணியை ஒட்டியும் வந்து குவியும். மற்றைய மாதங்களில் வயல் வெறுமை. உண்பவர் வயிறோ பன்னிரண்டு மாதமும் ஒரே அளவாகக் கேட்கின்றது. சில கிழமைகளில் வந்து சேருவதை ஆண்டு முழுவதற்கும் பரப்பிக் கொடுப்பதுதான் அரிசித் தொழிலின் முழுச் சிக்கலும்.

இந்நெருக்கடிக்கு வானம் மாத்திரம் காரணமன்று. பட்டிப்பளை ஆறு என்று தமிழர் வழங்கிய கல்லோயாவை மறிப்பதற்காக 1949ஆம் ஆண்டிலே கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழுந்து, 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும் சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அதன்பின் சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வயல்களுட் பல வாய்க்கால் நீரை நம்பின. நீர் திறக்கும் நாளையும் பூட்டும் நாளையும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் நிச்சயிக்கின்றனர். ஒரே நாளில் நீர் வந்தால் ஏறக்குறைய ஒரே காலத்தில் விதைப்பு. மூன்று, மூன்றரை மாத வயதுடைய நெல்லினங்களையே பலரும் விதைப்பதால் ஏறக்குறைய ஒரே காலத்தில் அறுவடை. எனவே, மாசி மாதத்துச் சந்தையில் நெல் எவ்வாறு வந்து குவியும் என்பது, புரட்டாசி ஐப்பசியிலே ஒரு மண்டபத்தில் வட்டவிதானைமாரும் அதிகாரிகளும் கூடிய அன்றே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றது. அக்கூட்டத்திற்கு ஆலைக்காரர் அழைக்கப்படும் வழக்கம் இல்லாதிருப்பது வியப்பிற்குரியது.

முற்காலத்தில் இந்த நெரிசல் இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. அறுத்த கதிர் உப்பட்டியாக வயலிற் கிடந்து காய்ந்தது. பின் கட்டாகக் கட்டிச் சூடு வைத்தனர். சூட்டுக்குள்ளேயும் அது காய்ந்தது. களவெட்டியில் மாடு கட்டிச் சூடடித்து, காற்றில் தூற்றி, பொலியை அளந்து வீடு கொண்டுவரும்போது வாரங்கள் கழிந்திருக்கும். நெல்லும் நன்கு உலர்ந்திருக்கும். போடியார் வீட்டுக் களஞ்சியத்தில் அது மாதக்கணக்கில் இருந்தது. கலியாணம் வந்தால் கொஞ்சம் விற்றனர். விலை ஏறினால் கொஞ்சம் விற்றனர். உலர்த்துதல், சேமித்தல், காத்திருத்தல் ஆகிய மூன்று தொழிலும் விளைவித்தவன் வளவிலேயே நடந்தன. அம்மூன்றுக்கும் உரிய இலாபமும் அவனிடமே நின்றது. அந்த ஒழுங்கு எல்லோர்க்கும் நல்லதாயிருந்தது என்று கொள்ளலாகாது. போடியார் காத்திருந்து விற்றார். அவர் நிலத்தில் உழைத்த வயற்காரனோ தன் பங்கு நெல்லை அளந்த களத்திலேயே கடனுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் போனதும் உண்டு.

இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகின்றது. வெட்டுதல், அடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்றையும் அது ஒரே ஓட்டத்தில் முடித்து விடுகின்றது. கூலியாள் கிடையாத காலத்தில் இது பெரும் உதவி. ஆனால் சூட்டிலிருந்து காய்ந்த நாட்களை அவ்வியந்திரம் அகற்றிவிட்டது. காலையில் நின்ற பயிர் மாலையில் மூடையில் ஈரநெல்லாக நிற்கின்றது. நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை அதில் நீர். அதனை நூற்றுக்கு 14 பங்குக்கு இறக்கினால் அன்றி நெடுநாள் வைத்திருக்க இயலாது. சில நாட்களிலேயே மூடைக்குள் வெப்பம் ஏறும், நிறம் மங்கும், பூஞ்சணம் பிடிக்கும். முன்னர் விவசாயிக்கு மாதக்கணக்கில் இருந்த அவகாசம் இப்பொழுது நாட்கணக்காகக் குறுகிவிட்டது.

காயவைக்க இடம் எங்கே? முற்றம் உடையவர் முற்றத்தில் பரப்புகின்றனர். அஃதில்லாதவர் தார் வீதியின் ஓரத்தில் படங்கு விரித்துப் பரப்புகின்றனர். வாகன ஓட்டிகள் இதனைக் குறை கூறுவர். ஆனால் ஒரு மாவட்டத்து நெல்லுக்கு உலர்களம் போதாமையை இதனினும் தெளிவாக எவ்வறிக்கையும் காட்டமாட்டாது. தை மாதத்தில் மழை மீண்டும் பெய்தால் அவ்வழியும் அடைபடும். 2011ஆம் ஆண்டின் முதலிரு மாதங்களிலும் கிழக்கிலங்கையை மூழ்கடித்த வெள்ளம் அறுவடைக்கு நின்ற பயிரைப் பெருமளவில் அழித்தது. வெள்ளம் கூடினால் மாவடிப்பள்ளித் தெருவும் நீருள் மறையும். வயலுக்கும் கடற்கரைக்கும் இடையிலான இணைப்பு அறுந்து லொறிகள் இக்கரையிலேயே நிற்கும். இப்பகுதிக்குப் புகையிரதப் பாதையும் கிடையாது. கிழக்கின் இருப்புப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகின்றது.

ஈர நெல்லின் விலையைக் குறித்து வயலடியில் நடக்கும் வாக்குவாதங்களுக்கு ஒரு சிறு கணக்கு உதவும். நூற்றுக்கு 22 பங்கு ஈரமுள்ள 1000 கிலோகிராம் நெல்லில் உலர்ந்த பொருள் 780 கிலோகிராம். அதனை 14 பங்கு ஈரத்திற்கு உலர்த்தினால் எஞ்சுவது ஏறக்குறைய 907 கிலோகிராம். ஆகவே, 93 கிலோகிராம் வெறும் நீராகப் போகின்றது. உலர்ந்த நெல் கிலோ 120 ரூபா என்றால், அந்த ஈர நெல்லின் நேரான பெறுமதி கிலோவுக்கு 109 ரூபாவை ஒட்டி நிற்கும். உலர்த்தும் கூலியையும் கழிக்கலாம், அது நியாயம். அதற்குங் கீழே விலை இறங்கினால், அந்த இறக்கம் விற்பவனின் அவசரத்திற்கு வாங்குபவன் இட்ட விலையாகும். அறுவடை இயந்திரத்தின் வாடகையும், உரக்கடைக் கடனும், அடகுவைத்த நகையின் வட்டியும் அவனை அவசரப்படுத்துகின்றன. ஈரமானி என்னும் சிறு கருவியைக் கையில் வைத்திருப்பவன் தன் நெல்லின் ஈரத்தைத் தானே அறிவான்; அஃதில்லாதவன் மற்றவன் சொல்லும் கழிவையே ஏற்க வேண்டும்.

இனி ஆலைக்குள் செல்வோம். நூறு கிலோகிராம் நெல்லிலிருந்து சுமார் 65 கிலோகிராம் அரிசி கிடைக்கும். ஏறக்குறைய 20 கிலோகிராம் உமி. எஞ்சியது தவிடும் பிறவும். அரிசியிலும் ஒரு பகுதி குறுநொய்யாக உடையும். புழுங்கலரிசியாயின் நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, மறுபடியும் உலர்த்திய பின்னரே குற்றுவர். இதனால் மணி இறுகி உடைவு குறைகின்றது. தவிட்டோடு போகவேண்டிய உயிர்ச்சத்து பி1இல் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கி நிலைக்கின்றது. உமி வீணாவதில்லை, அதுவே கொதிகலனுக்கு எரிபொருள். தவிடு கோழித் தீனுக்கும் மாட்டுத் தீனுக்கும் போகும். குறுநொய் இடித்து மாவாகிப் பிட்டாகவும் இடியப்பமாகவும் திரும்பும். கழிவுப் பொருளை நன்றாக விற்கத் தெரிந்த ஆலை அரிசியைச் சற்றுக் குறைத்து விற்கவும் வல்லது.

ஆனால் ஆலையின் உயிர்நாடி இயந்திரத்தில் இல்லை. பணத்திலும் களஞ்சியத்திலும் இருக்கின்றது. நாளொன்றுக்கு 10 தொன் நெல் அரைக்கும் நடுத்தர ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரையாண்டில் 150 நாள் ஓடினாலும் அதற்கு 1500 தொன் நெல் வேண்டும். பெரும்போக அறுவடையின் சில கிழமைகளுக்குள் அதனை வாங்கிவிட வேண்டும். கிலோ 120 ரூபா வீதம் அதன் விலை 18 கோடி ரூபா. இருப்பு நாளுக்கு நாள் குறைந்து வரும். ஆகவே சராசரியாக 9 கோடி ரூபா ஆறு மாதம் நெல்லில் முடங்கிக் கிடக்கும். நூற்றுக்கு 12 வட்டி எனக் கொண்டால் அவ்வரையாண்டு வட்டி 54 இலட்சம் ரூபா. கிடைக்கும் 975 தொன் அரிசிக்கு அதனைப் பகிர்ந்தால், வட்டி மாத்திரமே கிலோவுக்கு ஐந்தரை ரூபா. குறைந்த வட்டியில் வங்கிக் கடன் பெறும் பெரிய ஆலைக்கும், கூடிய வட்டிக்குத் தனியாரிடம் வாங்கும் சிற்றாலைக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் தொடங்குகின்றது. உலர்த்தும் இயந்திரம், கல் நீக்கும் பொறி, கறுத்த மணியை ஒளியால் இனங்கண்டு ஒதுக்கும் பொறி ஆகியவற்றைப் பெரிய ஆலை வைத்திருக்கின்றது; ஈர நெல்லை அஞ்சாமல் வாங்குகின்றது. அதனால் அதன் லொறி அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை வட்டைகள் வரை வருகின்றது. கரையோரச் சிற்றாலை இரண்டு மாதம் ஓடிவிட்டுப் பின் நெல்லின்றி நிற்கின்றது. கல்முனைக் கடையிலிருந்த பையின் முகவரிக்கு விளக்கம் இதுவே.

தானியத்தை வாங்கி வைத்திருக்கும் பொறுப்பினை அரசு ஏற்ற காலங்களும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசிப் பங்கீடு வந்தது. மக்கள் கூப்பன் அரிசிக்குப் பழகினர். 1948ஆம் ஆண்டில் நெல்லுக்கு உத்தரவாத விலைத் திட்டம் தொடங்கி, 1952இல் ஒரு புசலுக்கு 12 ரூபா என நின்றது. கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக நெல் சேர்க்கப்பட்டது. அதே 1952இல் சீனத்துடன் செய்த றப்பர் அரிசி உடன்படிக்கையால் றப்பருக்கு ஈடாக அரிசி வந்தது. 1953ஆம் ஆண்டில் பங்கீட்டரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்டு 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். அரிசி விலையோடு விளையாடுதல் எத்தகையது என்பதை அரசியலார் அன்று கற்றனர். பின் வந்தோர் சிலர் மறந்தனர். 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை வர அதன் கை தளர்ந்தது. இப்பொழுதும் அச்சபை நெல் வாங்குகின்றது. ஆனால் மொத்த விளைச்சலில் அது வாங்குவது சிறு பங்கே.

வழங்கற் சங்கிலியின் முதற் கண்ணி விதைப்புக்கும் முந்தியது என்பதை 2021ஆம் ஆண்டு உணர்த்திற்று. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. அடுத்து வந்த அறுவடை நாடெங்கும் பெரிதும் வீழ்ந்தது. 2022இல் அரிசி வெளிநாடுகளிலிருந்து வந்தது. விதைநெல்லும் நீரும் நிலமும் உழைப்பும் இருந்தன. துறைமுகத்திலிருந்து வரவேண்டிய ஒரு பொருள் வராமையால் மற்றவை யாவும் குறைபட்டன.

2024ஆம் ஆண்டு டிசம்பரில் அரசு அரிசிக்கு உச்ச விலை விதித்தது. நாட்டரிசிக்கு மொத்த விலை கிலோ 225 ரூபா, சில்லறை விலை 230 ரூபா. 2025 பெப்ரவரியில், உலர்ந்த நாட்டு நெல்லை அச்சபை கிலோ 120 ரூபாவுக்கு வாங்கும் என அறிவிக்கப்பட்டது. சம்பா நெல் 125, கீரிச்சம்பா நெல் 132. இவ்விரு அறிவிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சங்கிலியின் நடுப்பகுதி தெளிவாகும். ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நெல் வேண்டும். 120 ரூபா வீதம் அதன் விலை 185 ரூபா அளவில். கடைக்காரருக்கு ஐந்து ரூபா போக எஞ்சும் 40 ரூபாவிலேயே ஏற்றுக்கூலி, லொறி, அவித்தல், மின்சாரம், பை, வட்டி, இருப்பில் எலியும் வண்டும் தின்றது, ஆலையின் இலாபம் ஆகிய யாவும் அடங்க வேண்டும். தவிட்டின் வருமானம் கொஞ்சம் கைகொடுக்கும். நெல்லை 120க்கு வாங்கும் ஆலைக்கு இது பெருங் கொள்ளையுமன்று, நட்டமுமன்று. அறுவடை நெரிசலில் 95 ரூபாவுக்கோ 100 ரூபாவுக்கோ வாங்கி வைக்க இயன்றவனுக்கோ கணக்கு முற்றிலும் வேறாகின்றது. ஒரு கிலோ நெல்லில் 20 ரூபா குறைந்தால் ஒரு கிலோ அரிசியில் 30 ரூபா மிஞ்சும். அந்த 30 ரூபா, உலர்களமும் களஞ்சியமும் காத்திருக்கப் பணமும் இல்லாதவனிடமிருந்து அம்மூன்றும் உள்ளவனிடம் போவது.

இதனைத் தடுக்கும் வழியொன்று பல நாடுகளில் நடைமுறையிலுண்டு. இலங்கையிலும் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றது. விவசாயி உலர்ந்த நெல்லைப் பொதுக் களஞ்சியத்தில் ஒப்படைக்கின்றான். களஞ்சியம் அதன் எடையும் தரமும் குறித்துப் பற்றுச்சீட்டு வழங்குகின்றது. அச்சீட்டை வங்கியில் ஈடாக வைத்து அவன் கடன் பெற்று உரக்கடைக்காரரைத் தீர்க்கின்றான்; விலை ஏறிய மாதத்தில் நெல்லை விற்றுக் கடனை அடைக்கின்றான். பொன்னை அடகு வைக்கும் பழக்கம் ஊரில் யாவரும் அறிந்ததே. இது நெல்லை அடகு வைத்தல். இதற்கு வேண்டியவை நம்பத்தகுந்த தராசும், நனையாத கூரையும், உலர்த்தும் இயந்திரமும். இவை மூன்றும் ஊரருகே இருந்தால் கரையோரச் சிற்றாலைகளும் அக்களஞ்சியத்திலிருந்து மாதாமாதம் வாங்கி ஆண்டு முழுவதும் ஓடலாம். நெல்லும் பொலனறுவைக்குப் போய்வரும் லொறிக்கூலி மிஞ்சும்.

கரையோர வியாபாரிக்கு வெளியூர் ஆலையை விட ஓர் அனுகூலம் உண்டு. ஊரின் தேவையை அவர் அறிவார். நோன்பு மாதத்திலே பள்ளிவாசல்களிற் கஞ்சி காய்ச்சப்படும். பெருநாளை ஒட்டிப் புரியாணிக்குரிய சம்பாவுக்குக் கேள்வி ஏறும். கந்தூரிக் காலத்திலும் அப்படியே. பிறைக் கணக்கில் அமைந்த ஆண்டு சூரியக் கணக்கைவிடப் பதினொரு நாள் வரை குறுகியதாதலால் நோன்பு ஆண்டுதோறும் முன்னே நகர்கின்றது. 2025இல் அது மார்ச் மாதத்தில் அமைந்தது; பெரும்போகப் புதுநெல் கையிலிருந்த காலம். பத்தாண்டுகளுக்கு முன், 2015இல், அது ஜூன் பிற்பகுதியில் தொடங்கிற்று. சிறுபோக அறுவடைக்கு முன் இருப்பு வற்றும் காலம். இருப்பைத் திட்டமிடுகின்றவர் பிறையையும் வாய்க்காலையும் ஒருசேரக் கணக்கில் வைக்க வேண்டியிருக்கின்றது.

விளைந்த நெல் முழுவதும் லொறியேறிப் போய்விடுவதில்லை. வீட்டுச் சாப்பாட்டுக்கென்று சில மூடைகளை ஒதுக்கி வைப்பது இப்பகுதிக் குடும்பங்களில் இன்றும் உள்ள வழக்கம். கடன்காரன் வாசலில் நின்றாலும் அந்த மூடைகளில் எளிதிற் கைவைக்கமாட்டார்கள். அரிசி முடிந்தால் வீட்டுப் பெண்கள் ஒரு மூடை நெல்லை அவித்து முற்றத்தில் காயவைப்பர். மாலையில் அது சைக்கிளிலோ முச்சக்கர வண்டியிலோ தெருமுனையிலுள்ள குற்றும் ஆலைக்குப் போகும். ஆலைக்காரர் குற்றுக்கூலியைப் பெற்றுக்கொள்வார். அரிசியும் தவிடும் தனித்தனிப் பைகளில் அன்றிரவே வீடு திரும்பும்.